பேரதிர்ச்சிக்குப் பின் வரும் குற்ற உணர்வையும் அவமானத்தையும் ஆற்றுவது எப்படி? ஆலோசகர்களுக்கு ஒரு வழிகாட்டி

விபத்து, பாலியல் வன்கொடுமை, போர், வெள்ளம் எனப் பேரதிர்ச்சிகளிலிருந்து உயிர் தப்பி நம்மிடம் வருபவர்களிடம் நாம் முதலில் தேடுவது பயத்தைத்தான். கெட்ட கனவு வருகிறதா, திடுக்கிட்டு விழிக்கிறாரா, விபத்து நடந்த சாலைப் பக்கமே போகாமல் இருக்கிறாரா என்று கேட்கிறோம். ஆம் என்றால் பி.டி.எஸ்.டி. (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய்) என்று குறித்துக்கொண்டு, அந்த நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பயத்தைத் தணிக்கும் சிகிச்சையைத் தொடங்குகிறோம். பலருக்கு இது நல்ல பலன் தருகிறது. ஆனால் அவரை உள்ளே அரித்துக்கொண்டிருப்பது பயமாக இல்லாமல், 'எல்லாம் என்னாலதான்' என்ற எண்ணமாகவோ 'என் உடம்பே அழுக்கு' என்ற அருவருப்பாகவோ இருந்தால், பயத்துக்கான சிகிச்சையை எவ்வளவு ஒழுங்காகச் செய்தாலும் அவர் பாதி ஆறிய நிலையிலேயே நின்றுவிடுவார். அப்படி நிற்பவர்களுடன் பணிபுரியும் ஆலோசகர்களையும் உளவியலாளர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். சிகிச்சை பெற்றுவருபவர்களும் படிக்கலாம். ஆனால் இதில் உள்ள பயிற்சிகளைத் தனியாகச் செய்து பார்க்க வேண்டாம்.

பயத்துக்கு இவ்வளவு முன்னுரிமை வந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-3 நோய் வகைப்பாட்டில் பி.டி.எஸ்.டி. முதன்முறையாக இடம்பெற்றபோது, பதற்ற நோய்களில் ஒன்றாகவே அது சேர்க்கப்பட்டது. 1994-இல் வந்த நான்காம் பதிப்பு, நிகழ்வின்போது கடும் பயமோ கையறுநிலையோ திகிலோ ஏற்பட்டிருக்க வேண்டும் என்று நிபந்தனையே விதித்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்புதான் அந்த நிபந்தனையை நீக்கி, இந்நோயைப் பதற்ற நோய்களிலிருந்து பிரித்துத் தனி அத்தியாயத்தில் வைத்து, குற்ற உணர்வு, அவமானம், கோபம் ஆகியவற்றையும், தன்மீதோ பிறர்மீதோ நியாயமற்றுப் பழி சுமத்துவதையும் நோய்க்குறிகளாகச் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐ.சி.டி.-11 இன்னும் ஒரு படி மேலே போய், சிக்கலான பி.டி.எஸ்.டி. என்று தனியாக ஒன்றை வரையறுத்து, தான் பயனற்றவர், தோற்றுப்போனவர் என்ற ஆழ்ந்த நம்பிக்கையையும் அதோடு ஒட்டிவரும் அவமானத்தையும் குற்ற உணர்வையும் அதன் முக்கியக் கூறுகளில் ஒன்றாக வைத்திருக்கிறது.

பயம் இனி வரப்போவதைப் பற்றியது. உளவியலாளர்கள் எட்னா ஃபோவாவும் மைக்கேல் கோசாக்கும் 1986-இல் விளக்கியபடி, பயந்த நினைவைப் பாதுகாப்பான இடத்தில் எதிர்கொள்ளும்போது, எதிர்பார்த்த ஆபத்து வராததை மனம் கற்றுக்கொள்கிறது, பயமும் தணிகிறது. குற்ற உணர்வோ நடந்து முடிந்ததைப் பற்றிய ஒரு தீர்ப்பு. ஆபத்து வரவில்லை என்ற பாடம் அந்தத் தீர்ப்பை அசைப்பதில்லை. ஃபோவா வகுத்த, நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்கும் நீடித்த வெளிப்பாட்டுச் சிகிச்சையில் பலருக்குக் குற்ற உணர்வும் குறைவதுண்டு. நினைவைச் சொல்லி முடித்தபின் அதன் பொருளைப் பற்றி உரையாடும் பகுதி அதில் இருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன். அந்த உரையாடலை நேரமின்மையால் விட்டுவிட்டு, சொல்லவைப்பதை மட்டும் செய்தால், வருபவர் வாரந்தோறும் தனக்கு எதிரான தீர்ப்பைத் தானே உரக்க வாசித்துவிட்டுப் போவார்.

தொடங்கும் முன் உறுதி செய்ய வேண்டியவை

கடும் குற்ற உணர்வும் அவமானமும் உள்ளவர்களிடம் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று முதல் அமர்விலேயே நேரடியாகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பெரும்பாலோருக்கு ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற ஆறுதல்தான் வருகிறது. எண்ணம் இருந்தால் திட்டம் இருக்கிறதா, பூச்சிமருந்து, மாத்திரை போன்றவை கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றனவா என்று கேட்டு, வீட்டில் நம்பத்தகுந்த ஒருவரை அவருடைய சம்மதத்தோடு சேர்த்துக்கொண்டு, உளமருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நாம் இல்லாத நேரத்தில் அழைப்பதற்கு இந்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416-ஐ எழுதிக் கொடுத்து அனுப்பலாம்.

கொடுமை இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அடிக்கும் கணவருடன் அதே வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு முதல் தேவை பாதுகாப்புத் திட்டம். நினைவுகளைத் தொடும் வேலை அதற்குப் பிறகுதான். பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவராக இருந்து, பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி அதைத் தெரிவிப்பது நம் கடமை. இரகசியம் காப்பதற்கு இப்படியோர் எல்லை இருக்கிறது என்பதை, அவர் மனம் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

எந்த உணர்வு என்று கண்டறிதல்

நம் ஊரில் பெரும்பாலோர் உணர்வின் பெயரோடு வருவதில்லை. தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, தலை பாரமாக இருக்கிறது என்று பொது மருத்துவரிடம் போய், அங்கிருந்து நம்மிடம் அனுப்பப்படுகிறார்கள். ஆகவே 'உங்களுக்குக் குற்ற உணர்வு இருக்கிறதா' என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். நடந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போது குரல் எங்கே உடைகிறது, எங்கே வேகமாகத் தாண்டிப் போகிறார், எங்கே பார்வை கீழே இறங்குகிறது என்று கவனியுங்கள். அந்த இடத்தில் நிறுத்தி, 'அந்த நொடியில் உங்க மனசுல என்ன ஓடிச்சு?' என்று கேளுங்கள். 'செத்துடுவேன்னு நெனச்சேன்' என்றால் அது பயம். 'நான் மட்டும் அன்னைக்குப் போகாம இருந்திருந்தா' என்றால் குற்ற உணர்வு. 'இனி யார் மூஞ்சில முழிப்பேன்' என்றால் அவமானம். பேசும்போதே கையைத் துடைத்துக்கொண்டிருப்பவரிடமும், எச்சிலை விழுங்க முடியாமல் முகம் சுளிப்பவரிடமும் அருவருப்பைப் பற்றிக் கேட்க வேண்டும்.

நிகழ்வின்போது தோன்றிய உணர்வும் இப்போது வாட்டும் உணர்வும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. இரண்டையும் தனித்தனியே கேட்டு, ஒவ்வோர் உணர்வுக்கும் 0 முதல் 100 வரை மதிப்பெண் வாங்கிக் குறித்துக்கொள்ளுங்கள். 'கஷ்டம் எவ்வளவு?' என்று பொதுவாக ஒரே எண் வாங்கினால், பயம் குறைந்து அவமானம் கூடிக்கொண்டிருப்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

உளவியலாளர் பட்ரீசியா ரெசிக் வகுத்த அறிவுசார் செயலாக்கச் சிகிச்சையில் ஒரு பாகுபாடு உண்டு. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பயன்பட்ட பாகுபாடு அதுவே. சில உணர்வுகள் நிகழ்விலிருந்து நேராக, இயல்பாக வருபவை: பிள்ளையை இழந்தவரின் துயரம், தாக்கப்பட்டவருக்குத் தாக்கியவர்மீது வரும் கோபம். இவற்றைத் திருத்த வேண்டியதில்லை; தடை இல்லாமல் வெளிவர இடம் கொடுத்தால் தாமே தணியும். மற்றவை, நடந்ததற்கு நாம் கொடுக்கும் விளக்கத்திலிருந்து பிறப்பவை. 'நான்தான் காரணம்' என்ற விளக்கம் இருக்கும்வரை குற்ற உணர்வும் இருக்கும். இவற்றை எத்தனை முறை அழுது தீர்த்தாலும் தீராது. விளக்கத்தை எடுத்துச் சோதித்துப் பார்த்தாக வேண்டும். எது எந்த வகை என்று பிரித்துக்கொள்ளாமல் தொடங்கினால், துயரத்தோடு வாதாடுவோம், குற்ற உணர்வை அழவிட்டுக் காத்திருப்போம்.

குற்ற உணர்வு

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்திலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் பலர், 'கைய விட்டுட்டேனே' என்ற ஒரே வாக்கியத்தைப் பல ஆண்டுகள் சுமந்தார்கள். அலையின் வேகத்துக்கு எந்த மனிதக் கையும் தாங்காது என்பது அவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் தீர்ப்பு மாறவில்லை. குற்ற உணர்வை அறிவுரையால் நீக்க முடியாது என்பதை இதிலிருந்தே அறியலாம்.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு கற்பனை நேர்வைக் கொண்டு விரிவாகப் பார்ப்போம். ஐம்பது வயதுத் தந்தை. 19 வயது மகள் ஸ்கூட்டரில் பால் வாங்கப் போனபோது லாரி மோதி இறந்துவிட்டாள். 'சாவிய என் கையாலதான் எடுத்துக் குடுத்தேன்' என்பதே அவர் முதல் அமர்வில் சொன்ன வாக்கியம்.

இங்கே ஆலோசகர் வாயில் உடனே வருவது, 'அது உங்க தப்பு இல்ல சார்.' அதைச் சொல்லாதீர்கள். சாவு வீட்டில் வந்தவர்கள் எல்லாரும் அவரிடம் அதைத்தான் சொன்னார்கள். நாமும் சொன்னால், அவர் மனத்தில் இருப்பதைக் கேட்க நமக்கும் பொறுமை இல்லை என்றே அவருக்குப் படும். அதன்பின் அந்த வாக்கியத்தை அவர் நம்மிடம் சொல்லவே மாட்டார். அதை அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டு, எவ்வளவு நம்புகிறார் என்று கேளுங்கள். 'நூத்துக்கு நூறு' என்பார். சரி என்று ஏற்றுக்கொண்டு, அன்று மாலையை நிமிட வாரியாக, சாவி கைமாறிய நேரம்வரை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

'சாவி குடுக்கும்போது மணி என்ன இருக்கும் சார்?'

'ஆறு, ஆறேகால்.'

'வெளிச்சம் இருந்துச்சா?'

'இருந்துச்சு மேடம். மழைகூட இல்ல.'

'அந்த ரோட்டுல அவங்க முன்னாடி வண்டி ஓட்டியிருக்காங்களா?'

'தினமும்தான். காலேஜுக்கே அதுலதான் போவா.'

'சாவி குடுத்தப்ப உங்க மனசுல என்ன ஓடிச்சு?'

'ஒண்ணும் ஓடல. அப்படியே தயிரும் வாங்கிட்டு வான்னேன்.'

'குடுத்திருக்கக் கூடாதுங்கற எண்ணம் முதல்ல எப்ப வந்துச்சு?'

இங்கே நீண்ட மௌனம் வரும். அதைக் கலைக்காமல் காத்திருங்கள்.

'போலீஸ்லருந்து ஃபோன் வந்தப்புறம்.'

இந்தப் பதிலை அவர் வாயாலேயே சொன்னதுதான் இந்த அமர்வின் பலன். முடிவு தெரிந்தபின், அது முன்பே தெரிந்திருந்ததுபோல மனம் நினைத்துக்கொள்ளும் இயல்பை உளவியலாளர் பரூக் ஃபிஷ்ஹாஃப் 1975-இல் ஆய்வு செய்து காட்டினார். உளக்காயத்தால் வரும் குற்ற உணர்வை விரிவாக ஆராய்ந்த எட்வர்ட் குபேனி, அந்த உணர்வைத் தாங்கி நிற்கும் நான்கு தவறான முடிவுகளில் இதையே முதலாவதாக வைக்கிறார்: எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், நான் செய்தது நியாயமற்றது, முழுப் பொறுப்பும் என்னுடையது, நான் அறம் தவறினேன். ஏழு மணிக்குத் தெரிந்ததை வைத்து ஆறு மணிக்கு இருந்த அப்பாவைத் தண்டிப்பது சரியா என்று இப்போது கேட்கலாம். கேட்டுவிட்டு, பதிலை அவரிடமே விட்டுவிடுங்கள்.

அடுத்து, அந்த நேரத்தில் அவருக்கு வேறு என்ன வழிகள் இருந்தன என்று பட்டியலிடுங்கள். தானே போயிருக்கலாம், நாளை வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். ஒவ்வொன்றையும், அன்று ஆறு மணிக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து, அது ஏன் மேலான வழியாகத் தோன்றியிருக்கும் என்று கேளுங்கள். மனிதர்கள் தாங்கள் செய்ததை அப்போது கையில் இருந்த வழிகளோடு ஒப்பிடுவதில்லை. பின்னர் மனத்தில் தோன்றிய ஒரு குறையற்ற வழியோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்பது குபேனியின் கூர்மையான கவனிப்பு.

பொறுப்பைப் பங்கிடும் பயிற்சிக்கு வெள்ளைத்தாளில் ஒரு வட்டம் போதும். விபத்துக்குக் காரணமான எல்லாவற்றையும் அவரையே சொல்லவைத்து எழுதுங்கள்: லாரி ஓட்டுநரின் வேகம், வளைவில் மண்டியிருந்த முள்செடி, தோண்டிவிட்டு மூடாமல் போட்ட சாலை, ஆம்புலன்ஸ் வந்து சேர ஆன நேரம். ஒவ்வொன்றுக்கும் வட்டத்தில் பங்கு ஒதுக்கச் சொல்லி, அவருடைய பங்கைக் கடைசியில் ஒதுக்கச் சொல்லுங்கள். முதலில் அவரைக் கேட்டால் முழு வட்டத்தையும் தானே எடுத்துக்கொள்வார். இந்த வரிசை மாறக்கூடாது.

அவருடைய பங்கைச் சுழியத்துக்குக் கொண்டுவருவது நம் நோக்கமாக இருக்கக் கூடாது. இந்த நேர்வில், மகள் ஹெல்மெட் போடாமல் கிளம்பியதை அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அதை இல்லை என்று நாம் சொன்னால் நம்மையும் நம்பமாட்டார், தன்னையும் நம்பமாட்டார். பக்கத்துத் தெருவுக்குப் போகும் பிள்ளையை ஹெல்மெட் போடச் சொல்லாமல் விட்டது கவனக்குறைவு. மகளைக் கொன்றது அதுவல்ல. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அவரே அளந்து, தன் தவறுக்கு ஏற்ற அளவு வருத்தப்பட இடம் கொடுப்பதே சிகிச்சை.

குற்ற உணர்வு தளரத் தொடங்கும் வாரத்தில் அவர் முன்னைவிட அதிகமாக அழலாம். குடும்பத்தார் பயந்து, சிகிச்சையால் மோசமாகிவிட்டார் என்று நிறுத்தக்கூடும். ஆகவே முன்கூட்டியே சொல்லிவையுங்கள். 'என்னால்தான்' என்ற எண்ணம் எவ்வளவு கொடியதோ, அவ்வளவு பிடிமானமும் தருகிறது: நான் காரணம் என்றால், நான் தடுத்திருக்கவும் முடிந்திருக்கும். அது கைவிட்டுப் போகும்போது, எதையும் தடுக்க முடியாத நிலையில்தான் இருந்தோம் என்ற உண்மையும், அதுவரை அடைபட்டுக் கிடந்த துயரமும் ஒருசேர வரும். இந்தத் துயரம் ரெசிக் சொன்ன முதல் வகை. இதைச் சோதிக்க வேண்டாம், உடன் உட்கார்ந்தால் போதும். சிலருக்கு அந்த உணர்வே இறந்தவரோடு எஞ்சியிருக்கும் உறவாகவும் ஆகிவிடுகிறது. 'நான் சிரிச்சா அவளுக்குத் துரோகம்' என்பவரிடம், குற்ற உணர்வு இல்லாமலும் அவளை எப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று பேச வேண்டும்.

'விதி', 'போன ஜென்மத்துப் பாவம்' என்ற சொற்கள் வரும்போது அவருடைய நம்பிக்கையோடு வாதத்தில் இறங்க வேண்டாம். விதி என்பது ஒருவருக்குப் பாரத்தை இறக்கிவைக்கும் சொல், இன்னொருவருக்குத் தண்டனை. அவருக்கு அது எது என்று கேட்டறிந்து, அதே நம்பிக்கையில் கருணையும் மன்னிப்பும் எங்கே இருக்கின்றன என்று அவரையே தேடச் சொல்லலாம்.

உறைந்துபோன உடல்

பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களின் குற்ற உணர்வில் பெரும்பகுதி ஒரே கேள்வியில் நிற்கிறது: 'நான் ஏன் கத்தல?' காவல் நிலையத்திலும் வீட்டிலும் அவர்களிடம் கேட்கப்பட்டதும் அதே கேள்விதான். இங்கே உடலியல் விளக்கம் ஒன்றே பல அமர்வுகளின் வேலையைச் செய்யும். தப்பிக்க வழியில்லாத உச்சகட்ட ஆபத்தில், விருப்பத்தைக் கேட்காமலேயே உடல் விறைத்து, குரல் அடங்கிப்போகும் அனிச்சைச் செயல் ஒன்று உண்டு. விலங்குகளிடமும் இது காணப்படுகிறது. ஸ்டாக்ஹோமில் வன்புணர்வுக்கு ஆளான பெண்களுக்கான அவசர மருத்துவ மையத்துக்கு வந்த 298 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 70 விழுக்காட்டினர் இப்படிக் கணிசமாக உறைந்துபோனதாகத் தெரிவித்திருந்தார்கள். இந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு, 'உங்க உடம்புக்கு அந்த நேரத்துல என்ன ஆச்சு, கை கால் எப்படி இருந்துச்சு?' என்று கேளுங்கள். கை மரத்துப்போனது, வாய் திறந்தும் சத்தம் வராதது என அவரே நினைவுகூர்ந்து சொல்லும்போது, சம்மதம் என்று தான் பழித்துக்கொண்டிருந்தது உண்மையில் என்னவென்று அவருக்கே புலப்படும்.

குற்றம் உண்மையாகவே நடந்திருந்தால்

எல்லாக் குற்ற உணர்வும் பொய்யானதல்ல. குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒருவரைக் கொன்றவரும், போரில் செய்யக்கூடாததைச் செய்தவரும் நம்மிடம் வருவார்கள். வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த ஜொனதன் ஷே, 1990-களில் இதை அறக்காயம், அதாவது சரி என்று நம்பியது மீறப்படுவதால் மனத்தில் ஏற்படும் காயம், என்ற கோணத்தில் அணுகினார். பிரெட் லிட்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2009-இல் அந்தக் கருத்தை விரித்து, தன் அறத்துக்கு மாறானதைத் தானே செய்தல், தடுக்காமல் பார்த்துக்கொண்டிருத்தல் ஆகியவற்றையும் அதில் சேர்த்தார்கள். கொரோனா இரண்டாம் அலையில், 2021-இன் ஏப்ரல், மே மாதங்களில், ஆக்சிஜன் படுக்கை யாருக்கு என்று முடிவெடுக்கும் நிலைக்குத் தள்ளப்பட்ட செவிலியர்களுக்கும் மருத்துவர்களுக்கும் ஏற்பட்டதும் இத்தகைய காயமே. ஆனால் அவர்களுடைய பொறுப்பு வட்டத்தில் பெரும்பங்கு தட்டுப்பாட்டுக்கும் நிர்வாகத்துக்கும் உரியது என்பதைப் பங்கிட்டுப் பார்த்தாலே தெரியவரும்.

உண்மையாகவே தவறு செய்தவரிடம் பொறுப்பைக் குறைத்துக் காட்டும் பயிற்சிகளைச் செய்யாதீர்கள். அவருக்குத் தேவை முழுதாகச் சொல்ல ஓரிடம், அதன்பின் ஈடுசெய்ய ஒரு வழி. லிட்ஸின் முறையில், அவர் பெரிதும் மதிக்கும் ஒருவர், ஒரு தாத்தாவோ பழைய ஆசிரியரோ, எதிரில் உள்ள காலி நாற்காலியில் இருப்பதாக எண்ணி, நடந்ததை எதையும் மறைக்காமல் அவரிடம் சொல்லச் சொல்கிறோம். பிறகு அந்த மனிதர் என்ன பதில் சொல்வார் என்று அவரையே பேசவைக்கிறோம். 'தப்புதான் பண்ணிட்ட. ஆனா நீ அது மட்டும் இல்ல. இனிமே என்ன செய்யப்போற?' என்பதுபோல ஒன்று பெரும்பாலும் வரும். அந்தக் கேள்வியிலிருந்து ஈடுசெய்யும் செயல்கள் தொடங்கலாம். பாதிக்கப்பட்ட குடும்பத்தை நேரில் போய்ப் பார்ப்பது அவருக்கு ஆறுதலாக இருந்தாலும் அந்தக் குடும்பத்துக்குப் புதிய காயமாகலாம் என்பதால், அதை மட்டும் தீர யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அவமானம்

குற்ற உணர்வு ஒரு செயலைப் பற்றியது. அவமானம் ஆளையே பற்றியது. 'தப்புப் பண்ணிட்டேன்' என்பவரிடம் சான்றுகளை வைத்துப் பேசலாம். 'நான் கேவலமானவ' என்பவரிடம் சான்று கேட்டால், அதையும் ஒரு விசாரணையாகவே உணர்ந்து இன்னும் ஒடுங்கிப்போவார். அதனால் இங்கே வாதத்தை விட உறவுக்கே முதலிடம். அவர் மிகவும் பயப்படும் பகுதியைச் சொல்லும் நொடியில் நம் முகத்தைத்தான் பார்ப்பார். முகம் சுளித்தாலோ, பேனாவை எடுத்துக் குறிக்கத் தொடங்கினாலோ, அவசரமாகப் பேச்சை மாற்றினாலோ அவருக்கு விடை கிடைத்துவிடும். இதற்காகவே, கேட்டவற்றை இறக்கிவைக்க நமக்கென ஒரு மூத்த ஆலோசகர் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

அவரைத் தனியாகவே பாருங்கள். மாமியாரோ அண்ணனோ கூடவே உட்கார்ந்திருக்க விரும்பினால், தொடக்கத்தில் பத்து நிமிடம் அவர்களோடு பேசிவிட்டு வெளியே காத்திருக்கச் சொல்லலாம். 'நாலு பேர் என்ன சொல்வாங்க' என்ற அச்சத்தைச் சிந்தனைப் பிழை என்று ஒதுக்கிவிடவும் கூடாது. நம் ஊரில் அந்த நாலு பேர் உண்மையாகவே பேசுகிறார்கள், அதனால் கல்யாணமும் வேலையும் தடைபடுகின்றன. ஊர் என்ன நினைக்கும் என்பதையும், தன்னைத் தானே எப்படிப் பார்க்கிறார் என்பதையும் பிரித்துவைத்து, இரண்டாவதில்தான் நாம் வேலை செய்கிறோம் என்று சொல்லுங்கள். யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லாமல் இருப்பது என்ற முடிவு அவருடையதாகவே இருக்கட்டும். சாதியின் பெயரால் பலர் முன்னிலையில் இழிவுபடுத்தப்பட்டவரிடம், இழிவு அதைச் செய்தவருக்கே உரியது என்பதைத் தயக்கமின்றி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் நடுநிலை காட்டினால், அது இழிவுபடுத்தியவர் பக்கம் நிற்பதாகவே அவருக்குத் தெரியும்.

பிரித்தானிய உளவியலாளர் பால் கில்பர்ட் உருவாக்கிய கருணை சார்ந்த சிகிச்சை, இப்படிப்பட்டவர்களுக்காகவே பிறந்தது. தங்கள் எண்ணம் தவறு என்று அறிவால் ஒப்புக்கொண்டும் மனம் ஆறாதவர்களைக் கண்டு, ஆறுதல் அடையும் திறனே அவர்களிடம் வளராமல் போயிருக்கிறது என்று அவர் கருதினார். மூச்சை மெதுவாக்கி, ஒரே சீராக உள்ளே இழுத்து வெளியே விடுவதில் தொடங்குங்கள். பிறகு, தன்னைப் பழிக்காமல் பார்க்கும் ஒரு முகத்தைக் கற்பனை செய்யச் சொல்லுங்கள். பாட்டி, ஒரு தெய்வம், ஒரு மரம்கூட இருக்கலாம். அந்த முகத்தின் குரலை நினைவின் மிகக் கொடிய இடத்துக்குள் கொண்டுவருவது இறுதிக் கட்டம். சிறுவயதிலேயே வதைபட்டவர்களுக்குக் கருணையே ஆபத்தின் அறிகுறியாகத் தோன்றலாம். அன்பாகப் பேசியவர்தான் தீங்கு செய்தார். அப்படிப்பட்டவர் கற்பனையின்போது பதறினால், நிறுத்திவிட்டு மூச்சுப் பயிற்சிக்குத் திரும்புங்கள். கற்பனை செய்யும் நேரத்தை வாரத்துக்கு ஓரிரு நிமிடம் கூட்டினால் போதும்.

அருவருப்பு

பாலியல் வன்கொடுமை நடந்து பல ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு நாளைக்கு நாலைந்து முறை குளிப்பவர்கள், தோல் சிவக்கத் தேய்ப்பவர்கள், குழந்தையைத் தூக்கக்கூடத் தயங்குபவர்கள் நம்மிடம் இதைத் தாமாகச் சொல்வதில்லை, கேட்க வேண்டும். அருவருப்பு, நினைவை எதிர்கொள்வதால் மட்டும் பயத்தைப்போல விரைவில் தணிவதில்லை. இதற்கென ஃபிராங்ஃபர்ட்டில் ரெஜினா ஸ்டைல், கெர்ஸ்டின் யுங் ஆகியோர் உருவாக்கிய எளிய முறை ஒன்றை நான் பெரிதும் மதிக்கிறேன்.

முதலில், மனிதத் தோலின் மேலடுக்கு எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது என்று அவரையே தேடிப் பார்க்கச் சொல்கிறோம், கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரம் என்று வரும். அடுத்து, கொடுமை செய்தவன் கடைசியாகத் தொட்டது எப்போது என்று கேட்டு, கணக்கை அவர் கையாலேயே போடவைக்கிறோம். 12 ஆண்டு என்றால் 624 வாரம். ஆறால் வகுத்தால் 104. அவன் தொட்ட தோலில் ஒரு துணுக்குக்கூட இன்று அவர் மேனியில் இல்லை. கணக்கைச் சொல்லி நிறுத்தாமல், 'அப்படின்னா இப்ப உங்க கையில இருக்கற இந்தத் தோல அவன் பார்த்ததே இல்ல, இல்லையா?' என்று கேட்டு, கையைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கண்ணை மூடி, பழைய தோல் உதிர்ந்து புதியது வருவதை அவருக்குப் பிடித்த விதத்தில் கற்பனை செய்யச் சொல்லி, அந்தக் கற்பனையை வீட்டில் நாள்தோறும் பயிலவைக்கிறோம். உருவகத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். நாம் கொடுத்தது ஒட்டாது. நிகழ்ந்து ஓரிரு வாரமே ஆனவருக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது என்பதையும் மறக்க வேண்டாம்.

கோபமும், முடியாத துயரமும்

கோபத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். தீங்கு செய்தவர்மீது வரும் கோபம் நியாயமானது. அதை நோய் என்று பெயரிட வேண்டாம். 'மறந்துடு, மன்னிச்சிடு' என்று வீட்டார் சொன்னதையே நாமும் சொன்னால் அவர் மீண்டும் தனித்துவிடப்படுவார். மன்னிப்பு அவருடைய விருப்பம், சிகிச்சையின் இலக்கு அல்ல. கற்பனையில் அந்தக் காட்சிக்குள் இன்றைய வலிமையோடு நுழைந்து, அன்று சொல்ல முடியாததைச் சொல்லவைக்கும் காட்சி மாற்றச் சிகிச்சை இங்கே மிகவும் பயன்படுகிறது. ஆனால் கோபம் மனைவிமீதும் பிள்ளைகள்மீதும் பாய்கிறது என்றால், அதோடு குடியும் சேர்ந்திருக்கிறது என்றால், அதை நிறுத்துவதே முதல் வேலை. அதற்கு அடியில் பெரும்பாலும் அவமானமோ துயரமோ இருக்கும் என்பதை நினைவில் வைத்துத் தேடுங்கள்.

துயரத்தில், இறந்தவர் இறந்த விதம் அவர் வாழ்ந்த விதத்தை மறைத்துவிடுகிறது. முதலில் அந்தக் கொடிய காட்சியில் வேலை செய்தால்தான் நல்ல நினைவுகளை அணுக முடியும். நீடித்த துயரம் என்று நோயறிவதற்கு ஐ.சி.டி.-11 குறைந்தது ஆறு மாதமும், 2022-இல் வந்த டி.எஸ்.எம்.-5-இன் திருத்தப் பதிப்பு பெரியவர்களுக்கு ஓராண்டும் கேட்கின்றன. அதற்கு முன் அழுபவரை நோயாளி ஆக்கிவிட வேண்டாம். இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்களுக்கு இந்த வரையறைகள் எவையும் பொருந்தமாட்டா. கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் போராட்டத்தைத் தொடங்கிய அந்த அம்மாக்களிடம், மகன் இறந்துவிட்டான் என்று ஏற்றுக்கொள்ளச் சொல்வது சிகிச்சையாகாது. மகன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே, அன்றாடச் சாப்பாடும் தூக்கமும் மற்றப் பிள்ளைகளும் கைவிடப்படாமல் இருக்க வழி தேடுவதுதான் அங்கே செய்யக்கூடியது.

முன்னேற்றம் இல்லாதபோது

ஐந்தாறு அமர்வுகளுக்குப் பிறகும் மதிப்பெண்கள் அசையவில்லை என்றால், முதலில் உங்கள் குறிப்புகளைத் திரும்பப் படித்து, நீங்கள் தொடாமல் விட்ட உணர்வு எது என்று பாருங்கள். குற்ற உணர்வில் வேலை செய்துகொண்டிருக்கும்போது அவமானம் மறைந்து நிற்பது மிகச் சாதாரணம். அவர் இதுவரை சொல்லாத ஒரு பகுதி இருக்கலாம். 'சொல்லணும்னு நெனச்சு இன்னும் சொல்லாதது ஏதாவது இருக்கா? இப்ப சொல்ல வேண்டாம், இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க' என்று கேட்டால், இருக்கிறது என்ற பதில் அடிக்கடி வரும். கடும் மனச்சோர்வு, குடி, வீட்டில் தொடரும் வன்முறை, முடியாமல் இழுக்கும் நீதிமன்ற வழக்கு ஆகியவற்றையும் மறுபடி விசாரியுங்கள். சாப்பாடும் தூக்கமும் முழுதாகக் கெட்டிருந்தால் உளமருத்துவரிடம் அனுப்பி, மருந்தோடு சேர்த்து இந்தச் சிகிச்சையைத் தொடருங்கள். சிகிச்சை நன்றாக முடிந்தவர்களுக்கும் இறந்த நாள், திதி, வழக்கில் சாட்சி சொல்லும் நாள் ஆகியவற்றை ஒட்டி உணர்வுகள் திரும்ப வருவது இயல்பு என்பதால், அந்தத் தேதிகளைக் கேட்டுக் குறித்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாரம் முன்னதாக ஓர் அமர்வை இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள்.